தொடாமலே உதைக்கும் கால்: கோழிக் கருவின் தண்டுவடத்தில் தாளம் பிறக்கும் கதை

கோழி முட்டையை அடைக்கு வைத்து மூன்றரை நாள் ஆனதும் உள்ளே இருக்கும் கரு அசையத் தொடங்குகிறது. முதலில் கழுத்துப் பக்கம் மட்டும் லேசாக வளையும். அந்த வளைவு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உடலின் பின்பக்கம் இறங்கும். ஆறாம் நாள் முடியும் தறுவாயில் கால்களும் சேர்ந்துகொள்ளும். இது ஓயாத அசைவு அல்ல. சில வினாடிகள் உடல் துடிக்கும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாரும் தொடாமலே மறுபடி துடிக்கும்.

அதே கருவை மெல்லிய மயிரிழையால் தொட்டுப் பார்த்தால் ஏழாம் நாள் வரை பதிலே கிடையாது. தொடு உணர்வைத் தண்டுவடத்துக்கு எடுத்துச் செல்லும் பாதை அதுவரை வேலை செய்வதில்லை. அதாவது உடல் முதலில் அசைகிறது, உணர்வது அதற்குப் பல நாள் கழித்துத்தான். இந்த நாலு நாள் இடைவெளிதான் இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு. வெளியிலிருந்து ஒரு தூண்டுதலும் வராதபோது, பாதி கட்டிய நிலையில் இருக்கும் தண்டுவடம் எப்படி விட்டுவிட்டு, ஒழுங்கான இடைவெளியில், தசைகளை இயக்குகிறது?

இதை முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர் ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர் வில்லியம் பிரேயர். 1885இல் வெளியான தன் நூலில், கோழிக் கருவின் அசைவு தொடு உணர்வுக்கு முந்தியது என்று அவர் எழுதினார். அடுத்த பல ஆண்டுகள் அந்த அவதானிப்புக்குரிய இடம் கிடைக்கவில்லை. அசைவு என்றாலே அது ஏதோ ஒரு தூண்டுதலுக்கான பதில், அனிச்சைச் செயல்கள் ஒன்றோடு ஒன்று சங்கிலியாகக் கோத்ததுதான் நடத்தை என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. 1911இல் தாமஸ் கிரஹாம் பிரவுன், உணர்வு நரம்புகளை வெட்டிய பூனையின் தண்டுவடமும் நடைத் தாளத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார். 1915இல் அவரே பிறவாத பூனைக் குட்டிகளை ஆராய்ந்து, நடை என்பது கற்றுக்கொண்டதா, உள்ளேயே அமைந்ததா என்ற கேள்வியை எழுப்பினார். அதற்கும் நீண்ட காலம் பெரிதாகச் செவிசாய்ப்பார் இல்லை.

1966: கேள்வியை முடித்துவைத்த அறுவை

விக்டர் ஹாம்பர்கர் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கருவியல் அறிஞர். ஜெர்மனியில் பிறந்தவர், ஹான்ஸ் ஸ்பீமானின் மாணவர். நாஜி ஆட்சி வந்ததும் வேலையை இழந்து அமெரிக்காவிலேயே தங்கியவர். அறுபது வயதை ஒட்டிய பருவத்தில் பிரேயரின் பழைய அவதானிப்புக்குத் திரும்பினார். முட்டை ஓட்டில் சிறு சாளரம் திறந்து, கரு எவ்வளவு நேரம் அசைகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் மணிக்கணக்கில் பதிந்தார்கள். அசைவும் ஓய்வும் மாறி மாறி வருவது ஒவ்வொரு கருவிலும் தெரிந்தது.

ஆனால் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் வாதம் முடியாது. முட்டைக்குள் திரவம் அசைகிறது, கருவைச் சுற்றிய சவ்வு சுருங்கி விரிகிறது, ஒரு கால் இன்னொரு காலில் உரசுகிறது. இவையெல்லாம் தூண்டுதல்தானே என்று ஒருவர் கேட்கலாம். அந்த வழியை அடைக்க ஹாம்பர்கர், வெங்கர், ஓப்பன்ஹைம் மூவரும் செய்த அறுவைதான் இத்துறையின் ஆதாரக் கல் என்பது என் கருத்து.

இரண்டு நாள் வயதுக் கருவில், பின்னாளில் தண்டுவடமாகப் போகும் நரம்புக் குழாயில் இரண்டு இடங்களில் கை வைத்தார்கள். மார்புப் பகுதியில் சில கண்டங்களை அடியோடு நீக்கினார்கள். அதனால் மூளையிலிருந்து கால்களுக்கு எந்தச் செய்தியும் இறங்க வழியில்லை. அடுத்து, கால்களுக்கு நரம்பு கொடுக்கும் இடுப்புப் பகுதியில் குழாயின் முதுகுப்பக்கப் பாதியை வெட்டி எடுத்தார்கள். உணர்வுச் செய்திகளை வாங்கும் பகுதி அதுதான். உணர்வு நரம்பணுக்களின் மூலச் செல்களும் அதோடு போயின. எஞ்சியது வயிற்றுப்பக்கப் பாதி. அதில் தசைகளை இயக்கும் இயக்க நரம்பணுக்களும், அவற்றைச் சுற்றி நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் இடைநரம்பணுக்களும் மட்டுமே. மேலிருந்தும் செய்தி இல்லை, வெளியிலிருந்தும் இல்லை.

ஒப்பீட்டுக்கு வைத்த கருக்களில் மார்புப் பகுதி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. எட்டரை நாள் முதல் 15 நாள் வரை இரு கூட்டத்தின் கால்களும் ஏறக்குறைய ஒரே அளவு அசைந்தன. அதே துடிப்பு, அதே ஓய்வு. 15ஆம் நாளுக்குப் பிறகுதான் உணர்வு இழந்த கால்களின் அசைவு குன்றியது. அந்தச் சமயத்தில் தண்டுவடத்திலேயே செல்கள் சிதையத் தொடங்கியிருந்தன. ஆக, தாளம் வயிற்றுப்பக்கப் பாதிக்குள்ளேயே பிறக்கிறது. பிரேயர் எழுதி 81 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சொன்னதற்குக் கேள்வி கேட்க முடியாத சான்று கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கு

ஹாம்பர்கரின் கண்ணுக்கு அந்த அசைவு ஒழுங்கற்றதாகத்தான் பட்டது. தலை ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டிருக்கும் துடிப்பில் நடையின் சாயலே இல்லை. 1975இல் ஆன் பெக்காஃப், ஏழு நாள் கருவின் காலில் நுண்ணிய மின்முனைகளைச் செருகித் தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். மூட்டை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் தாறுமாறாக அல்ல, மாறி மாறித்தான் துடித்தன. வெளியே குழப்பமாகத் தெரிந்த அசைவுக்குள் நடைக்கு வேண்டிய அடிப்படை இலக்கணம் அப்போதே இருந்தது. ஏழு நாள் கருவின் கால் என்பது ஒரு சின்ன மொட்டு. அதன் தசைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு மின்முனை வைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்தால், அந்தச் சில பக்கக் கட்டுரையின் மதிப்பு புரியும்.

1980களில் லின் லாண்ட்மெஸரும் மைக்கேல் ஓ'டோனவனும் இன்னொரு படி போனார்கள். கருவின் தண்டுவடத்தைக் கால் நரம்புகளோடு முழுசாகப் பிரித்தெடுத்து, ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் வைத்தார்கள். மூளை இல்லை, உடம்பு இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. ஆனாலும் தட்டில் கிடந்த தண்டுவடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே துடித்தது. பதிவுத் திரையில் முதலில் நீண்ட அமைதி. பிறகு எல்லா நரம்புகளிலும் ஒரே சமயத்தில் பெரிய எழுச்சி. அதைத் தொடர்ந்து வரிசையாகப் பல சிறு துடிப்புகள். அவற்றுக்கு இடையிலான நேரம் போகப்போக நீண்டு, கடைசியில் அடங்கும். மறுபடி நீண்ட அமைதி.

உள்ளே நடப்பதும் எதிர்பாராத ஒன்று. மடக்கும் தசைக்குரிய நரம்பணுக்களும் நீட்டும் தசைக்குரியவையும் ஒரே நேரத்தில்தான் தூண்டப்படுகின்றன. தூண்டுதல் உச்சத்தில் இருக்கும்போது மடக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு தடுப்பு நுழைந்து, அந்த நரம்பணுக்களைக் கொஞ்ச நேரம் மௌனமாக்குகிறது. அந்த மௌனத்தில் நீட்டும் தசை துடித்து முடிக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே முறை வைத்து இயங்குவதில்லை. எல்லோரையும் ஒன்றாக எழுப்பிவிட்டு, ஒரு கூட்டத்தை மட்டும் நடுவில் வாயடைப்பதுதான் கருவின் வழி.

இசை நடத்துபவர் இல்லாத கச்சேரியா?

இங்கிருந்துதான் வழக்கு சுவாரசியமாகிறது. தாளம் என்றால் அதை அடித்துக்கொடுக்கும் செல் ஒன்று எங்காவது இருக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. இதயத்தில் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறதே. கோழியின் தண்டுவடத்தில் அத்தகைய செல் கூட்டத்தைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது வேறு. இடுப்புப் பகுதியைச் சிறு துண்டுகளாக வெட்டினாலும் துண்டுகள் துடித்தன. எந்த ஓர் இடத்தை நீக்கினாலும் தாளம் மொத்தமாகச் சாகவில்லை.

சரி, செல் இல்லாவிட்டால் ஒரு வேதிப்பொருளாவது தாளத்துக்கு ஆதாரமாக இருக்கலாம். முதிர்ந்த விலங்குகளின் நடைத் தாளத்தைப் பெரும்பாலும் தூக்கிச் செல்வது குளூட்டமேட் என்ற கடத்தி, அதாவது ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள். 1998இல் நிகோலாய் சப், ஓ'டோனவன் இருவரும் தட்டில் கிடந்த தண்டுவடத்தில் குளூட்டமேட், அசிட்டைல்கோலின் ஆகிய இரண்டு கடத்திகளையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மருந்தால் அடைத்தார்கள். துடிப்பு நின்றது. மருந்தைக் கழுவாமல் அப்படியே காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு திரும்பியது. இந்தத் தடவை அதைச் சுமந்தது காபா, முதிர்ந்த நரம்பணுக்களை வழக்கமாக அடக்கும் கடத்தி. வேறு வழியாக, காபாவையும் அதே வகைக் கடத்தியான கிளைசினையும் அடைத்தபோதும் முதலில் அமைதி, பிறகு மீட்சி.

ஒரு பாதை மூடினால் வலைப்பின்னல் இன்னொன்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தத் தாளம் எந்தக் குறிப்பிட்ட செல்லின் சொத்தும் அல்ல, எந்தக் குறிப்பிட்ட வேதிப்பொருளின் சொத்தும் அல்ல. ஒருவரை ஒருவர் மிகையாகத் தூண்டிக்கொள்ளும் இளம் வலைப்பின்னலின் பொதுக் குணம். கோழிக் கருவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இதுதான்.

மிகையான தூண்டுதல் மட்டும் இருந்தால் துடிப்பு தொடங்கும், ஆனால் நிற்காதே. நிறுத்துவது எது? களைப்பு. ஒவ்வொரு துடிப்புத் தொடரும் முடிந்தவுடன், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி தரும் சந்திப்புகளான சினாப்ஸ்கள் பலமிழந்து கிடக்கின்றன. அடுத்த தொடர் வரும்வரை நிமிடக் கணக்கில் மெல்லத் தேறுகின்றன என்று ஓ'டோனவன் குழு 1999இல் அளந்து காட்டியது. காய்ந்த புல்வெளியில் பிடித்த தீயைப் போலத்தான் இது. எங்கே பொறி விழுந்தாலும் முழு வெளியும் எரியும், எரிந்த பிறகு புல் மறுபடி வளரும்வரை எந்தப் பொறியும் பற்றாது.

இந்த எண்ணத்தை ஜோயல் தபாக், ஜான் ரின்ஸல் ஆகியோர் ஓ'டோனவனோடு சேர்ந்து 2000இல் கணித மாதிரியாக எழுதினார்கள். அதில் தனித் தனி நரம்பணுக்களே கிடையாது. மொத்த வலைப்பின்னலின் செயல்பாட்டுக்கு ஒரு மாறி, விரைவான களைப்புக்கு ஒன்று, மெதுவான களைப்புக்கு ஒன்று. விரைவான களைப்பு தொடருக்குள் வரும் சிறு துடிப்புகளைத் தருகிறது. மெதுவான களைப்பு தொடரை முடித்துவைத்து நீண்ட அமைதியைத் தருகிறது. மூன்றே மாறிகளில் தட்டில் கண்ட அதே வடிவம் கிடைத்தது.

ஒரு மாதிரி அழகாக இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது. அதனால் 2001இல் அவர்கள் செய்த சோதனை எனக்கு மாதிரியை விடவும் பிடித்தது. கேள்வி எளிமையானது: ஒரு துடிப்புத் தொடரின் நீளம் அதற்கு முந்திய அமைதியைப் பொறுத்ததா, பிந்திய அமைதியைப் பொறுத்ததா? நிறையப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முந்திய அமைதி நீண்டிருந்தால் தொடரும் நீண்டது. பிந்திய அமைதியோடு அப்படியொரு தொடர்பு இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தொடர் எப்போதும் ஒரே அளவு களைப்பில்தான் முடிகிறது. அதனால் முடிந்தபிறகு வலைப்பின்னலுக்குப் பழைய தொடரின் நினைவு இருப்பதில்லை, அடுத்த அமைதி எவ்வளவு நீளும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. தொடங்கும் நேரமோ சற்றே தற்செயலானது. தேறத் தேற எந்தச் சிறு பொறியும் பற்றவைக்கலாம். தாமதமாகப் பற்றினால் அதிகம் தேறியிருக்கும், அதனால் நீளமாக ஓடும். ஒரு கடிகாரச் செல் ஆட்டிவைத்திருந்தால் இந்த வடிவம் வர வேண்டிய காரணமில்லை.

பற்றவைப்பது யார் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. பீட்டர் வென்னர், ஓ'டோனவன் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொடருக்குச் சற்று முன் இயக்க நரம்பணுக்களே விழிப்பதையும், அவற்றின் கிளைகள் அருகிலுள்ள ஓர் இடைநரம்பணுக் கூட்டத்தைத் தட்டி எழுப்புவதையும் காட்டினார்கள். முதிர்ந்த தண்டுவடத்தில் ரென்ஷா செல் என்று அழைக்கப்படும் தடுப்பு நரம்பணுவின் கோழி வடிவம் அது. முதிர்ந்தபின் அடக்குவதற்கென்றே இருக்கும் செல், கருவில் கூட்டத்தையே எழுப்பிவிடுகிறது.

குளோரைடு செய்யும் வேலை

அடக்கும் செல் எப்படி எழுப்ப முடியும்? விடை உப்பில் இருக்கிறது. காபாவும் கிளைசினும் தங்கள் ஏற்பியில் அமர்ந்தால் குளோரைடு அயனிக்கான கதவு திறக்கும். முதிர்ந்த நரம்பணுவில் உள்ளே குளோரைடு குறைவு. கதவு திறந்தால் அது உள்ளே வரும், செல் அடங்கும். இளம் நரம்பணுவில் என்கேசிசி1 என்ற புரதம் ஓயாமல் குளோரைடை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் கதவு திறந்தால் குளோரைடு வெளியே ஓடும், செல் தூண்டப்படும். கதவு ஒன்றுதான், உள்ளே இருக்கும் இருப்புதான் விளைவை மாற்றுகிறது.

களைப்புக்கும் இங்கேதான் ஒரு பெரிய பங்கு. துடிப்புத் தொடர் ஓடும்போது குளோரைடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உள்ளிருப்பு குறையக் குறைய காபாவின் தூண்டும் வலு இறங்குகிறது, தொடர் அடங்குகிறது. பிறகு என்கேசிசி1 நிமிடக் கணக்கில் மெதுவாக இருப்பை நிரப்புகிறது. நிரம்பியதும் அடுத்த தொடர். 2005இல் மார்க்கெட்டி உள்ளிட்ட அதே வட்டத்தினர் மாதிரியில் குளோரைடைச் சேர்த்துப் பார்த்தபோது, மெதுவான களைப்பு என்று முன்பு பொதுவாகச் சொன்ன மாறிக்கு ஒரு பௌதிக உடல் கிடைத்தது. பல நிமிட நீளத் தாளத்தை உப்பு இருப்பின் ஏற்ற இறக்கமே அளந்துகொண்டிருக்கிறது.

வளர வளர கேசிசி2 என்ற இன்னொரு புரதம் வந்து குளோரைடை வெளியே தள்ளத் தொடங்குகிறது. காபாவும் கிளைசினும் அடக்கும் வேலைக்கு மாறுகின்றன. இந்த மாற்றம் நடையின் வடிவத்தையே மாற்றுவதை எலிக் கருவில் பார்க்கலாம். 16½ நாள் எலிக் கருவின் தண்டுவடத்தைப் பிரித்தெடுத்துச் செரோட்டோனின் என்ற கடத்தியால் தூண்டினால் இடமும் வலமும் ஒன்றாகத் துடிக்கும். 18½ நாளில் மாறி மாறித் துடிக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் இழைகள் அப்போதும் இப்போதும் காபா வழியாகத்தான் பேசுகின்றன என்று நாகயாமா, நிஷிமாரு, குடோ ஆகியோர் 2002இல் காட்டினார்கள். இரண்டே நாளில் அந்தப் பேச்சு தூண்டுவதிலிருந்து தடுப்பதாக மாறியது. அதோடு குதிப்பு நடையானது.

ஜீப்ரா மீன்: வேறு தீர்வு

கோழியை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாக் கருவுக்கும் சட்டம் எழுதினால் பிழையாகும். ஜீப்ரா மீன் கரு வேறு வழியில் போகிறது.

28.5 பாகையில் வளரும் மீன் கருவில் 17ஆவது மணியில் அசைவு திடீரென்று தொடங்கும். வால் ஒரு பக்கம் முழுசாகச் சுருண்டு விரியும், அடுத்து மறுபக்கம். 19ஆவது மணியில் வினாடிக்கு ஒரு சுருளல் என்ற உச்சம். 27ஆவது மணிக்குள் பத்து வினாடிக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். தொட்டால் சுருள்வது 21ஆவது மணியில்தான் வரும், நீந்துவது 27ஆவது மணியில். லூயி செந்த் அமாந்தும் பியர் டிராப்போவும் 1998இல் தந்த அட்டவணை இது. இங்கேயும் அசைவு முந்தி, உணர்வு பிந்தி. கோழிக்கு நாலு நாள் பிடித்தது மீனுக்கு நாலு மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் எந்திரம் வேறு. அதே இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் இயக்க நரம்பணுக்களுக்குள் மின்முனை வைத்துப் பார்த்தார்கள். வேதிக் கடத்திகளை அடைத்தாலும் சுருளலுக்குரிய மின்னெழுச்சி நிற்கவில்லை. செல்களுக்கு இடையிலான நேரடி மின் இணைப்புகளை அடைத்தால்தான் நின்றது. ஒரு பக்கத்தில் உள்ள சில வகை நரம்பணுக்கள் மின் இணைப்பால் ஒன்றாகப் பிணைந்து, ஒரே செல் போல எழுந்து விழுகின்றன. 2012இல் டாங், மெக்டியர்மிட் இருவரும் அந்தக் கூட்டத்துக்குள் தானாகவே துடிக்கும் செல்லைக் கண்டார்கள். சோடியம் கதவு ஒன்று முழுசாக மூடாமல் கசிந்துகொண்டிருப்பதால் அதற்கு அந்தக் குணம். அதாவது கோழியில் தேடியும் கிடைக்காத கடிகாரச் செல் மீனில் உண்மையாகவே இருக்கிறது.

இதை முரண் என்று நான் கருதவில்லை. மீன் குஞ்சு மூன்றாம் நாளுக்குள் முட்டையை விட்டு வெளியேறி நீந்தியாக வேண்டும். வேதி சினாப்ஸ்கள் பக்குவப்படக் காத்திருக்க அதற்கு நேரமில்லை. கோழிக்கு 21 நாள் இருக்கிறது.

கடிகாரச் செல் இருந்தாலும் வலைப்பின்னல் ஒரே நாளில் முளைப்பதில்லை. 2012இல் எஹுத் ஐசகாஃப் குழு, கால்சியம் ஏறும்போது ஒளிரும் புரதத்தை மீனின் தண்டுவடத்தில் வைத்துப் படம் பிடித்தது. தொடக்கத்தில் செல்கள் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மினுங்கின. சில மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்துச் செல்கள் சேர்ந்து மினுங்கி, இடமும் வலமும் மாறி மாறி வந்தன. அந்தக் கூடுகை நடக்கும் நேரத்தில் ஒளியால் சில செல்களை மட்டும் அமைதிப்படுத்தினால், அவை பின்னர் கூட்டத்தோடு சரியாகச் சேரவில்லை. 2019இல் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் செல் செல்லாகப் பின்தொடர்ந்து பார்த்தபோதும் முதலில் விழித்தவை இயக்க நரம்பணுக்களே. சிறு சிறு குழுக்கள் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து முழுப் பக்கமானது. செல் வகையிலும் இணைப்பிலும் கோழியும் மீனும் வேறுபட்டாலும், முதலில் இயக்க நரம்பணு விழிப்பது என்ற ஓர் இடத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன. சுண்டெலியிலும் 12ஆம் நாளை ஒட்டிய துடிப்பை இயக்க நரம்பணுக்கள் வெளியிடும் அசிட்டைல்கோலின்தான் பெரும்பாலும் சுமக்கிறது.

துடிக்காவிட்டால் என்ன ஆகும்?

முட்டைக்குள் நடக்கவேண்டிய தேவை கருவுக்கு இல்லை. பிறகு ஏன் இத்தனை உதை?

பதிலின் ஒரு பகுதி காலிலேயே தெரியும். 1962இல் டிராக்மன், கூலோம்ப்ர் இருவரும் முட்டைக்குள் குராரே மருந்தைச் செலுத்தி ஓரிரு நாள் மட்டும் கருவின் தசைகளைச் செயலிழக்கச் செய்தார்கள். பொரிந்த குஞ்சுகளின் பாதம் வளைந்து, மூட்டுகள் இறுகிப்போயிருந்தன. மூட்டுக்குள் இடைவெளி உருவாகவும் அது நிலைக்கவும் அசைவு வேண்டும். மனிதக் கரு ஏதோ காரணத்தால் வயிற்றுக்குள் அசையாமல் போனால் பிறக்கும் குழந்தையிடமும் இதே போன்ற இறுகிய மூட்டுகளைக் காண்கிறோம்.

இன்னொரு பகுதி நரம்பணுக்களின் எண்ணிக்கையில். கோழியின் இடுப்புப் பகுதியில் தேவைக்கு மேல் இயக்க நரம்பணுக்கள் பிறந்து, ஏறக்குறைய பாதி சில நாட்களுக்குள் இறந்துவிடும். பிட்மன், ஓப்பன்ஹைம் இருவரும் 1978இல் தசையை முடக்கியபோது அந்தச் சாவு பெருமளவு நின்றுபோனது. யார் இருக்க வேண்டும் யார் போக வேண்டும் என்ற கணக்கில் அசைவுக்கும் பங்கு உண்டு.

எல்லாவற்றையும் விட என்னைக் கவர்வது லாண்ட்மெஸர் ஆய்வகத்தின் தொடர். 2004இல் ஹான்சனும் லாண்ட்மெஸரும் பிக்ரோடாக்சின் என்ற மருந்தால் துடிப்புகளை முழுக்க நிறுத்தாமல், வெறுமனே அரிதாக்கினார்கள். இயக்க நரம்பணுக்களின் இழைகள் காலுக்குள் நுழையும் சந்திப்பில் மேல் பக்கம் போகவேண்டியவை கீழ் பக்கமும், கீழ் பக்கம் போகவேண்டியவை மேல் பக்கமும் வழி மாறின. வழி காட்டும் மூலக்கூறுகளின் அளவும் குறைந்திருந்தது. அப்படியானால் குற்றவாளி மருந்தா, அரிதான துடிப்பா? 2010இல் கஸ்தனென்கா, லாண்ட்மெஸர் இருவரும் இதைப் பிரித்தறிந்தார்கள். ஒளி பட்டால் தூண்டப்படும் புரதத்தை இயக்க நரம்பணுக்களில் நுழைத்து, அதே மருந்தைக் கொடுத்து, முட்டையின் சாளரம் வழியாக இயல்பான இடைவெளியில் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். மருந்து இருந்தும் இழைகள் சரியான பாதையில் போயின. பாதையைக் காட்டியது துடிப்பின் வேகமே என்று அதோடு உறுதியானது.

இவ்வளவு முக்கியமானதைக் கரு சும்மா விட்டுவைக்குமா? வென்னரும் கொன்சாலெஸ் இஸ்லாஸும் 2006இல், முட்டைக்குள் இரண்டு நாள் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொடுத்துத் தண்டுவடத்தின் செயல்பாட்டைத் தாழ்த்தினார்கள். இயக்க நரம்பணுக்களின் சினாப்ஸ்கள் குளூட்டமேட் பக்கமும் காபா பக்கமும் வலுத்தன. காபா பக்கம் வலுத்ததற்குப் பின்னால் இருந்தது மறுபடியும் குளோரைடு: செல்கள் வழக்கத்தை விட அதிக இருப்பைச் சேர்த்துக்கொண்டன. சப்பின் தட்டில் நின்றுபோன துடிப்பு தானாகத் திரும்பியதே, முட்டைக்குள் அதற்கு இணையான ஏற்பாடு இது.

மாற்றுப் பாதை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 2005இல் ஃபாஃப், பர்டன் ஆகியோரின் குழுக்கள் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தன. தாளம் வேறு கடத்திகளின் துணையோடு நடந்தது. ஆனால் பிறக்கும் தறுவாயில் பார்த்தால் சுழற்சி நீண்டும், இட வல ஒருங்கிணைப்பு குலைந்தும் இருந்தது. துடிப்பு திரும்பி வருவது ஒன்று, சரியான காலத்தில் சரியான வழியில் துடித்திருப்பது வேறு. கருவுற்ற காலத்தில் தாய் உட்கொள்ளும் எந்தப் பொருளையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். நிகோடின், மது, சில மயக்க மருந்துகள் எல்லாம் இதே ஏற்பிகளில்தான் கை வைக்கின்றன.

மனிதக் கருவில் தொடக்கம் நாம் நினைப்பதை விட முந்தியது. 1982இல் டி ஃப்ரீஸ், விஸர், பிரெக்டல் மூவரும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி ஏழரை வாரத்தை ஒட்டியே முதல் அசைவு தெரிந்தது. தாய் அதை உணர்வது 16 முதல் 20 வாரத்தில். அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் கரு ஓயாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

கருவோடு முடிந்துபோகும் சங்கதி இல்லை இது. தண்டுவடத்தில் காயம்பட்டால் காயத்துக்குக் கீழே உள்ள இயக்க நரம்பணுக்களில் கேசிசி2 குறைகிறது, குளோரைடு மறுபடி உள்ளே தேங்குகிறது, காபாவின் பிடி தளர்கிறது. காயத்துக்குப் பின் வரும் தசை இறுக்கத்துக்கு இது ஒரு காரணம் என்று 2010இல் பிரான்ஸில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். 2018இல் ஷிகாங் ஹே குழு, பின்னங்கால் செயலிழந்த சுண்டெலிகளுக்குக் கேசிசி2வை ஊக்கும் ஒரு சேர்மத்தைத் தொடர்ந்து கொடுத்தது. இருபுறமும் வெவ்வேறு உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் நடுவில் சில பாலங்கள் மிஞ்சியிருந்த தண்டுவடம் அது. பெரும்பாலான சுண்டெலிகள் சில வாரங்களில் பின்னங்கால்களை மறுபடி எடுத்துவைத்தன.